சாம்பல் காத்த நகரம்

இத்தாலி நாட்டிலே நேப்பிள்ஸ் குடாவை அண்மி நிற்பது வெசூவியஸ் எரிமலை. கி. பி. 79 ஆம் ஆண்டிலே அது வெடித்தெழ, அதன் அடிவாரத்திலிருந்த பொம்பேயி என்னும் உரோம நகரம் நுரைக்கல்லாலும் சாம்பலாலும் மூடுண்டு மறைந்தது. 1748 ஆம் ஆண்டில் அங்கே அகழ்வு தொடங்கியது.

இன்று அந்நகருக்குச் செல்வோர் அன்றாட வாழ்வின் சுவடுகளை எங்கணும் காண்பர். கல் பாவிய தெருக்களிலே வண்டிச் சக்கரங்கள் தேய்த்த தடங்கள் உள. கால் நனையாது தெருவைக் கடத்தற்கு இட்ட உயர்ந்த கற்களும் உள. போறணை ஒன்றிலே கரிந்த பாண்கள் 81 அகப்பட்டன.

மாண்டோரின் உடல்கள் அழிந்தபின், இறுகிய சாம்பலிலே அவர்தம் வடிவாய் வெற்றிடங்கள் எஞ்சின. 1863 ஆம் ஆண்டில் கியுசெப்பே பியோரெல்லி என்னும் அறிஞர் அவற்றுள் பாரிசுச் சாந்துக் குழம்பை வார்ப்பித்தார். முகத்தைக் கையால் மறைத்தவரும் குப்புற வீழ்ந்தவரும் இறந்த நிலையிலேயே மீண்டும் உருப்பெற்றனர்.

ஆயினும், சாம்பல் காத்தவற்றை வெயிலும் மழையும் மாந்தர் காலடியும் தேய்க்கின்றன. 2010 ஆம் ஆண்டில் மண்டபமொன்று இடிந்து வீழ்ந்தது. அதன் பின்னரே செப்பனிடும் பணி முனைப்புற்றது. நகரின் மூன்றிலொரு பங்கு இன்னும் மண்ணுள் உள்ளது. அதனை அவசரப்பட்டுத் தோண்டாது வருங்காலத்தாருக்கு விட்டுவைத்தலும் அறிஞர் கடமையே.