பில் வந்த பிறகா கணக்குப் பார்ப்பது? க்ளவுட் சேமிப்பை நாமே அளக்கும் வழி

கூகுள் கணக்கு வைத்திருக்கும் எம்மில் பலருக்கு 15 ஜீபி என்ற எல்லை நன்கு பழக்கமானது. ஜிமெயில், ட்ரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத் தரப்படும் இலவச இடம் அது. நிரம்பினால் மின்னஞ்சல் வருவதும் நின்றுவிடும். உடனே பழைய வீடியோக்களைத் தேடித் தேடி அழிக்கத் தொடங்குவோம். எல்லை ஒன்று இருப்பதால் கணக்கும் தானாகவே தெரிந்துவிடுகிறது.

நிறுவனங்கள் பணம் கட்டிப் பாவிக்கும் க்ளவுட் சேமிப்பில் இந்த எல்லை கிடையாது. அமேசன் நிறுவனம் 2006 மார்ச்சில் ஆரம்பித்த எஸ்3 சேவையை எடுத்துக்கொள்வோம். அதில் பைல்களைப் போட்டு வைக்கும் இடத்துக்கு பக்கெட் என்று பெயர். ஒரு பக்கெட்டில் எத்தனை பைல்களையும் போடலாம். "இடம் நிரம்பிவிட்டது" என்று அது ஒருபோதும் சொல்லாது. மாத முடிவில் டொலரில் பில் அனுப்பும், அவ்வளவுதான்.

சிறு நிறுவனங்களுக்கும் செய்தித் தளங்களுக்கும் கணினி உதவி செய்து வருபவன் என்ற வகையில் நான் முதலில் கேட்கும் கேள்வி, "உங்களது பக்கெட்டில் இன்று எத்தனை ஜீபி இருக்கிறது?" என்பதுதான். பெரும்பாலும் கிடைக்கும் பதில் கடந்த மாதம் கட்டிய தொகை. இந்த நாட்டில் அந்தப் பதிலை வைத்து எதையும் அறிந்துகொள்ள முடியாது. 2022 மார்ச் ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதமளவில் சுமார் 360 ரூபாவைத் தொட்டது. அமெரிக்காவின் வேர்ஜினியா பிராந்தியத்தில் எஸ்3 ஸ்டாண்டர்ட் வகையின் அறிவிக்கப்பட்ட விலை, முதல் 50 டீபி வரை ஒரு ஜீபிக்கு மாதம் 0.023 டொலர். 1,000 ஜீபிக்கு 23 டொலர். ஒரு பைல் கூட கூடாமலேயே அந்த 23 டொலர் 4,600 ரூபாவிலிருந்து 8,280 ரூபாவாகியது. கூடியது நாணய மாற்றா, எமது சேமிப்பா என்பதைப் பில் தொகையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு ஜீபி கணக்கு தனியாக வேண்டும்.

கண்ணுக்குத் தெரிவது 2 ஜீபி, கட்டுவது 730 ஜீபிக்கு

பைல்களின் பட்டியலை எடுத்துக் கூட்டிப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஓர் உதாரணம் சொல்கிறேன்.

ஓர் இணையத்தளம் தினமும் இரவில் 2 ஜீபி அளவுள்ள பேக்கப் ஒன்றை, ஒரே பெயரில், பக்கெட்டுக்கு அனுப்புகிறது என வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கெட்டில் வேர்ஷனிங் என்ற வசதி இயக்கப்பட்டிருக்கிறது. புதிய பைல் வரும்போது பழையது அழியாமல் முந்தைய பதிப்பாக உள்ளே தங்கிவிடும். பட்டியலில் ஒரேயொரு பைல், 2 ஜீபி. ஒரு வருடம் கழித்து உள்ளே இருப்பதோ 365 பதிப்புகள், 730 ஜீபி. மேற்சொன்ன விலைப்படி மாதம் ஏறத்தாழ 16.80 டொலர். அந்தப் பைலை அழித்தாலும் "அழிக்கப்பட்டது" என்ற அடையாளம் ஒன்றுதான் மேலே விழும். பழைய பதிப்புகள் அப்படியே இருக்கும், பில்லும் வந்துகொண்டேயிருக்கும்.

பெரிய பைல்களைத் துண்டு துண்டாக ஏற்றும்போது இணைப்பு துண்டிக்கப்பட்டால், ஏறிய துண்டுகளும் உள்ளேயே தங்கிவிடும். அவையும் சாதாரண பட்டியலில் தெரியாது. ஆனால் அவற்றுக்கும் கட்டணம் உண்டு.

பட்டியலிடுவதில் இன்னொரு சிரமமும் உள்ளது. ஒரு தடவைக்கு ஆகக்கூடியது 1,000 பைல்களின் விபரம்தான் கிடைக்கும். பத்து இலட்சம் பைல்கள் என்றால் 1,000 தடவை கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதற்கும் தனிக் கட்டணம் உண்டு.

ஏற்கெனவே எழுதி வைத்த கணக்கை வாங்குவது

சேவை வழங்குநரே இந்தக் கணக்கை நாளுக்கு ஒரு தடவை எழுதி வைக்கிறார். அது க்ளவுட்வொட்ச் என்ற கண்காணிப்புச் சேவையில் 'பக்கெட் சைஸ் பைட்ஸ்' என்ற பெயரில் இருக்கிறது. பழைய பதிப்புகளும் பாதியில் நின்ற துண்டுகளும் அதில் சேர்க்கப்பட்டிருக்கும். அதைப் பைத்தன் மொழியில் கேட்டு வாங்க இருபது வரிக்குள் ஒரு ஸ்க்ரிப்ட் போதும். போட்டோ3 என்ற லைப்ரரியை நிறுவி, 'கெட் மெட்ரிக் ஸ்டடிஸ்டிக்ஸ்' என்ற அழைப்பைப் பாவிக்க வேண்டும். பக்கெட்டின் பெயர், சேமிப்பு வகை, தொடக்க நேரம், முடிவு நேரம், ஒரு நாளைக் குறிக்கும் 86,400 வினாடி, சராசரி வேண்டும் என்ற குறிப்பு ஆகியவற்றை அதற்குக் கொடுக்க வேண்டும்.

புதிதாக எழுதுபவர்கள் தடுமாறும் இடங்கள் நான்கு.

முதலாவது, நேரம். கணக்கு நாளுக்கு ஒரு தடவைதான் பதிவாகிறது. கடந்த ஒரு மணித்தியாலத்துக்குக் கேட்டால் வெற்றுப் பட்டியல்தான் வரும். மூன்று நாட்களுக்குக் கேளுங்கள். வரும் பதிவுகள் திகதி வரிசையில் இருக்க வேண்டும் என்பதில்லை. எனவே திகதியைப் பார்த்துக் கடைசிப் பதிவை எடுங்கள்.

இரண்டாவது, சேமிப்பு வகை. இந்த அளவு ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாகப் பதியப்படுகிறது. 'ஸ்டாண்டர்ட் ஸ்டோரேஜ்' என்று மட்டும் கேட்டால், மலிவான க்ளேசியர் வகைக்கு மாற்றப்பட்டவை கணக்கில் வராது. 'லிஸ்ட் மெட்ரிக்ஸ்' என்ற அழைப்பால் எந்தெந்த வகைகள் இருக்கின்றன என்று முதலில் அறிந்து, எல்லாவற்றையும் கூட்டுங்கள்.

மூன்றாவது, பிராந்தியம். மும்பாயில் இருக்கும் பக்கெட்டைப் பற்றிச் சிங்கப்பூரில் கேட்டால் பதில் கிடைக்காது. பக்கெட் எங்கே இருக்கிறதோ அங்கேயே கேட்க வேண்டும்.

நான்காவது, அலகு. விடை பைட்டில் வரும். பில்லில் உள்ள ஜீபியோடு ஒப்பிட 1,073,741,824 ஆல் வகுக்க வேண்டும்.

பாதுகாப்பு பற்றியும் ஒரு வார்த்தை. இந்த ஸ்க்ரிப்டுக்குக் கணக்கின் முழு அதிகாரத்தையும் கொடுக்காதீர்கள். அளவுகளை வாசிக்கும் அனுமதி மட்டும் போதும். இரகசியச் சாவியை ஸ்க்ரிப்டுக்கு உள்ளே எழுதி வைக்கவும் வேண்டாம். அந்தப் பைல் எவருக்காவது பகிரப்பட்டால் சாவியும் அதோடு போய்விடும்.

அளந்த பின் என்ன செய்வது?

ஸ்க்ரிப்டை தினமும் காலையில் தானாக ஓட வைத்து, திகதியையும் ஜீபி அளவையும் ஒரு பைலில் ஒவ்வொரு வரியாகச் சேர்த்து வாருங்கள். ஒரு மாதத்தில் போக்குத் தெளிவாகிவிடும். பட்டியலில் தெரிவதற்கும் இந்த எண்ணுக்கும் பெரிய இடைவெளி இருந்தால், பழைய பதிப்புகளிலும் பாதியில் நின்ற துண்டுகளிலும் தேடலைத் தொடங்கலாம்.

மேற்சொன்ன உதாரணத்தில், பழைய பதிப்புகளை 30 நாட்களின் பின் நீக்கும்படி பக்கெட்டுக்கு விதி ஒன்றை வைத்தால், 730 ஜீபி சுமார் 62 ஜீபியாகக் குறையும். மாதச் செலவு ஒன்றரை டொலருக்குள் வந்துவிடும். பாதியில் நின்ற துண்டுகளை ஏழு நாட்களில் நீக்கவும் இதே போன்ற விதி உண்டு.

செலவு மட்டுமே எனது கவலை அல்ல. பில் கூடியதும் பதற்றத்தில் கைக்கு எட்டியதை அழிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். பெரிதாகத் தெரிவதால் முதலில் அழிக்கப்படுபவை மூலப் படங்களும் பழைய ஒளிப்பதிவுகளும். அவை போனால் திரும்பக் கிடைக்காது. செலவை ஏற்றியதோ எவருக்கும் தேவைப்படாத முந்நூறு பழைய பேக்கப்களாக இருக்கலாம்.

ஆகவே நிறுவனங்களை நடத்துவோரிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். உங்களது கணினிப் பொறுப்பாளரிடம் இந்த வாரமே பக்கெட் ஒவ்வொன்றின் அளவையும் ஜீபியில் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த மாதம் அதே திகதியில் மீண்டும் கேளுங்கள். அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எதை அழிப்பது என்று அதன் பிறகு பேசுங்கள்.