களத்தில் கிள்ளியின் உள்ளம்

சோழர் தலைநகராய் விளங்கிய உறையூர் இன்று திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதி. அவ்வூர்த் தித்தன் மகன் என உரைகாரர் கொள்ளும் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, முக்காவனாட்டு ஆமூர் மல்லனைப் பொருது வென்றான். அப்போரைப் புறநானூற்றின் 80, 81, 82ஆம் பாடல்களில் சாத்தந்தையாரும், அவன்பால் கொண்ட காதலை அடுத்த மூன்றில் நக்கண்ணையாரும் பாடினர். 1894இல் உ. வே. சாமிநாதையர் அந்நூலைப் பதிப்பித்தது முதல், இவை கிள்ளியின் தோள்வலிக்கும் நக்கண்ணையாரின் காதலுக்கும் சான்றாகவே பெரிதும் காட்டப்பெறுகின்றன. போட்டியிடுவோன் உள்ளநிலையை அறிதற்கும் இவை கருவியாகும் என்பது எம் கருத்து.

களம் புகுமுன் அவன் நிலை யாது? தித்தன் உவப்பினும் உவவாதொழியினும் இவ்வெற்றியைக் காண்பானாக என்று 80ஆம் பாடல் விழைகின்றது; தந்தையோடு பிணக்கு உண்டென்பது இதனாற் பெறப்படும். 84ஆம் பாடலின்படி அவன் உணவு புற்கை. ஊரும் நாடும் அவனுடையன அல்ல. ஆதலின் வெற்றி அவனதே என ஒரு சாராரும், அன்று என ஒரு சாராரும் கூறினர் என்கிறது 85. உறந்தையை அடுத்த பேரியாற்றுப் பொழிலில் பங்குனி விழாவுக்கு மக்கள் திரண்டமையை அகநானூற்று 137ஆம் பாடலால் அறிகிறோம். விழா முடிந்த மறுநாள் அடுப்பவிந்து வெறிதாகும் அரங்கம் அங்கே உவமையாகின்றது. அதனைத் திருவரங்கமாகக் கொள்வாரும் உளர். அத்தகைய தன்னூர்த் திரள் கிள்ளிக்கு ஆமூரில் வாய்க்கவில்லை.

இந்நிலையில் 82ஆம் பாடலின் உவமை நுணுகி நோக்கத்தக்கது. ஊரில் விழாத் தொடங்கிவிட்டது, மனைவி மகப்பேற்று நோவில் இருக்கிறாள், மழை பெய்கிறது, ஞாயிறு மறைகின்றது. அப்பொழுது கட்டில் பின்னுவோன் கையிலுள்ள ஊசியினும் விரைந்தது கிள்ளியின் போர் என்கிறார் புலவர். அத்தொழிலாளியை அக்கால வழக்குப்படி இழிந்த பெயராற் சுட்டினும், அரசமகனுக்கு ஒப்பாக அவனையே நிறுத்தினார் என்பதும் கருதற்குரியது.

உவமை விரைவு ஒன்றற்கே உரியது எனின், பறவையோ அம்போ போதாதோ? புலவர் வேண்டியது நெருக்கடியின் நடுவே வழுவாத கை. நினைவு மனைவியிடத்தோ மழையிடத்தோ சென்றால் ஊசி விரலைக் குத்தும். இக்கால விளையாட்டு உளவியலார் கவனத்தின் ஒருமுகப்பாடு என்பது இதுவே. விரைவு வேறு, பதற்றம் வேறு. 80ஆம் பாடலில் கிள்ளியின் ஒரு கால் மல்லன் மார்பை அழுத்துகின்றது. மற்றொன்று பின்னே நின்று அவன் சூழ்ச்சியைத் தடுக்கின்றது. வெல்லும் நொடியிலும் எதிரியின் அடுத்த செயலை எண்ணும் உள்ளம் பதற்றமுடையதன்று.

கிள்ளி தன் வாயால் ஒரு சொல்லும் கூறவில்லை. அவன் வெற்றியை, இல்லத்துப் பனைமரத்தைச் சார்ந்து நின்று நக்கண்ணையார் கண்டார். தித்தன் கண்டனன் என்று ஆறு பாடல்களுள் ஒன்றும் கூறவில்லை.