மரணசாதனமும் நிறைவேற்றுநரும்: சம்பூர் உணர்த்தும் தேவை

ஒருவர் தமக்குப் பின் தமது சொத்து யாரைச் சேர வேண்டுமென எழுதிவைக்கும் ஆவணம் மரணசாதனம் எனப்படும்; அதன்படி காரியங்களை நடத்தி முடிக்குமாறு அதில் பெயர் குறிக்கப்படுபவரே நிறைவேற்றுநர். இலங்கையின் 1840ஆம் ஆண்டுச் சட்டப்படி, மரணசாதனம் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடனோ, நொத்தாரிசு இல்லாதவிடத்து ஐந்து சாட்சிகளுடனோ ஒப்பமிடப்பட வேண்டும்.

நிறைவேற்றுநர் மரண அத்தாட்சிப் பத்திரத்தையும் மூல மரணசாதனத்தையும் மாவட்ட நீதிமன்றத்தில் சமர்ப்பித்து, ‘புரோபேற்’ எனப்படும் அதிகார ஆணையைப் பெற்ற பின், சொத்துகளை மதிப்பிட்டுப் பட்டியலிட்டு, கடன்களை அடைத்து, எஞ்சியதை உரியோரிடம் ஒப்படைத்து, இறுதிக் கணக்கைக் காட்ட வேண்டும். அவர் காப்பவரே அன்றி உடையவர் அல்லர். மரணசாதனமே இல்லாவிடின் நீதிமன்றம் நிருவாகி ஒருவரை நியமிக்கும்.

திருகோணமலை மாவட்டத்தில், கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூரில் இக்கடமை மேலும் கடினமானது. 2006இல் போரினால் இடம்பெயர்ந்த மக்கள், 2015, 2016ஆம் ஆண்டுகளில் காணிகள் விடுவிக்கப்படும் வரை பெரும்பாலும் முகாம்களிலேயே வாழ நேர்ந்தது. நான்கு எல்லைகளையும் அயற்காணிக்காரரின் பெயராலும் ஒழுங்கையாலும் வாய்க்காலாலும் குறிக்கும் பழைய காணி உறுதி கையிலிருந்தாலும், வேலியும் வரம்பும் அழிந்த நிலத்தில் அவ்வெல்லையைக் காட்டவல்ல முதியோர் மறைந்திருக்கலாம். உறுதி தொலைந்திருப்பின் காணிப் பதிவகத்தில் பிரதி தேட வேண்டும்.

காணியின் வகையையும் நிறைவேற்றுநர் பிரித்தறிய வேண்டும். உறுதிக்காணி மரணசாதனத்தால் கைமாறும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அரசு வழங்கிய அனுமதிப்பத்திரக் காணியோ அவ்வாறு எளிதில் கைமாறாது. அதற்குரிய பின்னுரித்தாளரை உரிமையாளர் தம் வாழ்நாளிலேயே பிரதேச செயலகத்தின் வழியாகப் பதிவுசெய்துவைப்பதே பாதுகாப்பானது. இதனை அறியாது எழுதப்படும் மரணசாதனம் உடன்பிறந்தாரிடையே வழக்கையே விட்டுச்செல்லும்.

காணாமற்போனோரின் குடும்பங்களுக்கு இடர் இன்னும் பெரிது. இறப்பு நிலைநாட்டப்படாத வரை மரணசாதனம் நடைமுறைக்கு வராது. 2016ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் அறிமுகப்படுத்திய காணாமற்போனமைச் சான்றிதழ், இறப்பை ஏற்கும்படி உறவினரை வற்புறுத்தாமல், காணாமற்போனவரது சொத்தைப் பராமரிக்க வழிசெய்கிறது.

ஆகவே, நேர்மையும் பொறுமையும் உடைய, கூடுமாயின் தம்மிலும் இளைய ஒருவரை, அவரது சம்மதத்தைப் பெற்றே நிறைவேற்றுநராக நியமித்து, உறுதிகள் இருக்குமிடத்தைச் சொல்லி, எல்லைகளை நேரில் காட்டிவைப்பது பெற்றோரின் கடமையாகும். பத்தாண்டுகள் காத்திருந்து மீட்ட நிலம் அடுத்த தலைமுறையின் பிணக்கில் சிக்காதிருக்க அதுவே உறுதியான காப்பு.