நாரி நோவுக்கு மலாய் உருட்: எப்போது போகலாம், எப்போது போகக்கூடாது?

மலேசியாவுக்கு வந்த புதிதில் எங்களிடம் வருபவர்கள் பலர் சொல்லும் முறைப்பாடு நாரி நோ. நாள் முழுக்க நின்று, குனிந்து, பாரம் தூக்கி வேலை. இரவில் தரையில் பாய். பிறகு நாரி பிடிக்காமல் என்ன செய்யும்?

பக்கத்து வீட்டார் "உருட் போடுங்கோ, சரியாகிவிடும்" என்பார்கள். உருட் என்பது மலாய்க்காரரின் பரம்பரை உடம்பு பிடித்துவிடும் முறை. செய்பவரைத் துக்காங் உருட் என்பார்கள். எண்ணெய் பூசி, பெருவிரலாலும் உள்ளங்கையாலும் தசையை அழுத்தி, நீளமாக உருவி விடுவார். நாங்கள் வாயுப்பிடிப்பு என்பதைப்போல அவர்கள் 'ஆங்கின்', அதாவது காற்று, என்பார்கள். வழக்கமாக ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும் செய்வார்கள்.

இது ஒளித்துச் செய்யும் வைத்தியம் அல்ல. 2007 முதல் சில அரசு வைத்தியசாலைகளிலேயே இதற்குத் தனிப் பிரிவு உண்டு. வைத்தியர் சோதித்துக் கடிதம் தந்த பிறகே அங்கே செய்வார்கள். பாரம்பரிய வைத்தியத்துக்கென 2016இல் சட்டமும் வந்தது.

பலன் உண்டா? தசைப்பிடிப்பால் வரும் நோ கொஞ்ச நாளைக்குக் குறையும், நித்திரை வரும். ஆனால் விலகிய டிஸ்க்கை எந்தக் கையாலும் உள்ளே தள்ள முடியாது. சாதாரண நாரி நோ பெரும்பாலும் ஆறு கிழமைக்குள் தானாகவே குறையும். அதுவரை படுத்தே கிடக்காமல் மெல்ல நடவுங்கோ. சுடுநீர் ஒத்தடம் கொடுங்கோ. பாரத்தை உடம்போடு அணைத்து, முழங்காலை மடக்கித் தூக்குங்கோ.

பின்வருபவர்கள் வைத்தியரைக் கேட்காமல் உருட் செய்யக்கூடாது:

- கர்ப்பிணிகள்
- விழுந்து அடிபட்டவர்கள், எலும்பு முறிந்தவர்கள்
- காய்ச்சல் உள்ளவர்கள், தோலில் புண் உள்ளவர்கள்
- இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள்
- புற்றுநோய் வந்தவர்கள்

இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்: சலம் போகாமல் அடைத்தல் அல்லது அறியாமலே சலமோ மலமோ போதல், மர்ம உறுப்பைச் சுற்றி மரத்தல், கால் வலுவிழத்தல். நரம்பு நசிபடுகிறது என்பதற்கு இவை அடையாளம். தாமதித்தால் அந்தக் குறை நிரந்தரமாகிவிடலாம். அவசர அழைப்பு எண் 999.

பயம் எங்களுக்கும் விளங்கும். யூ.என். அட்டை இருந்தால் அரசு வைத்தியசாலையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி கழியும். அட்டை இல்லாதவர்களை வைத்தியசாலை அதிகாரிகளுக்கு அறிவிக்கவும் கூடும். அதற்காக வீட்டில் கிடக்காதீர்கள். எங்களுக்குத் தொலைபேசி எடுத்துவிட்டு, கையில் உள்ள கடிதங்களோடு, ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

துக்காங் உருட்டிடம் போகுமுன் "பெராப்பா?" (எவ்வளவு?) என்று காசைப் பேசுங்கள். "சாக்கிட் பிங்காங்" என்றால் நாரி நோகிறது. "பெலான்-பெலான்" என்றால் மெல்ல. "சுக்கூப்" என்றால் போதும். ஆணைப் பாக் சிக் என்றும் பெண்ணை மாக் சிக் என்றும் மரியாதையாகக் கூப்பிடுங்கள். நோவைப் பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டாம். காலுக்குள் மின்சாரம் போலக் குத்தினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. தடுப்பில் அடி வாங்கியவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். குப்புறப் படுத்து, இன்னொருவர் முதுகில் கை வைக்கும்போது உடம்பு நடுங்கலாம், பழைய நினைவு வரலாம். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. வேண்டாம் என்று எழும்பி வரலாம். அந்த நோவை எங்களிடமோ வைத்தியரிடமோ சொல்லுங்கோ. முதுகை மட்டும் பிடித்துவிட்டால் அது போகாது.