முள் ஏன் வலப்பக்கம் சுற்றுகிறது? இஞ்சின் ஏன் குறுக்கே கிடக்கிறது?

வகுப்பறைச் சுவரில் தொங்கும் கடிகாரத்தைப் பாருங்கள். முள் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. ஏன் அந்தப் பக்கம்? உள்ளே இருக்கும் பல்சக்கரங்களுக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். இடையில் இன்னொரு சக்கரத்தைச் சேர்த்தால் முள் எதிர்ப்பக்கம் ஓடும். எந்த அறிவியல் விதியும் அதைத் தடுக்காது.

விடை நிழலில் இருக்கிறது. இயந்திரக் கடிகாரங்கள் ஐரோப்பாவில் 14ஆம் நூற்றாண்டில் பரவின. அதற்கு முன்பு பகலில் நேரம் பார்க்க அங்கே சூரியக் கடிகாரம் இருந்தது. ஐரோப்பா கடக ரேகைக்கு வடக்கே உள்ளது. அங்கே சூரியன் ஆண்டு முழுவதும் தென்வானத்தில்தான் உச்சிக்கு வரும். தரையில் நட்ட கம்பின் நிழல் காலையில் மேற்கே விழும், நண்பகலில் வடக்கே, மாலையில் கிழக்கே. மேலிருந்து பார்த்தால் அது வலஞ்சுழி. கடிகாரம் செய்தவர்கள் மக்களுக்குப் பழகிய அந்தத் திசையிலேயே முள்ளையும் சுற்றவிட்டார்கள் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

நம் ஊரில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஜூன் மாதத்தில் வெயில் நன்றாக அடிக்கும் ஒரு நாளில் பள்ளித் திடலில் நேராக ஒரு கம்பை நட்டு, மணிக்கொரு முறை நிழலின் நுனியில் ஒரு கல்லை வையுங்கள். கோலாலம்பூரும் சிங்கப்பூரும் பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருப்பதால் ஜூன் மாதச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். நண்பகல் நிழல் தெற்கே விழும். நம் கடிகாரப்படி அந்த நண்பகல் 1 மணிக்கு மேல்தான் வரும் என்பதையும் கவனியுங்கள். நிழல் மேற்கு, தெற்கு, கிழக்கு என்று நகரும். அதாவது இடஞ்சுழி! டிசம்பரில் அதே கம்பை நட்டால் வலஞ்சுழி. கடிகாரம் நம் ஊரில் பிறந்திருந்தால் முள் எந்தப் பக்கம் சுற்றியிருக்குமோ தெரியாது. தென் அரைக்கோளத்தில் உள்ள பொலிவியாவில், 2014இல் நாடாளுமன்றக் கட்டடத்தின் முகப்புக் கடிகாரத்தை எதிர்ப்பக்கம் சுற்றும்படி மாற்றியே விட்டார்கள்.

ஓரிடத்தில் ஒரு காரணத்துக்காக எடுத்த முடிவு, அந்தக் காரணம் போன பிறகும் பொருளோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. கடிகார முள்ளின் திசையால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் கார்களிலும் கடிகாரங்களிலும் இப்படி ஒட்டிக்கொண்ட வேறு சில முடிவுகள் இடத்தையும் எரிபொருளையும் விழுங்கின. ஆயிரக்கணக்கானோரின் வேலையும் ஒருமுறை அவற்றில் சிக்கிக்கொண்டது.

இஞ்சினைத் திருப்பிப் போட்டவர்

1891இல் பிரான்சின் பனார் நிறுவனம் கார் உறுப்புகளை ஒரு வரிசையில் அமைத்தது. முன்னால் இஞ்சின், அதன் பின்னால் கியர்பாக்ஸ், விசை போய்ச் சேர்வது பின்சக்கரங்களுக்கு. அடுத்த அறுபது ஆண்டுகள் பெரும்பாலான கார்கள் இந்த வரிசையையே பின்பற்றின. இஞ்சின் காரின் நீளவாக்கில் இருக்கும். அதிலிருந்து ஒரு நீண்ட தண்டு காரின் அடியில் ஓடிப் பின்சக்கரங்களைச் சுற்றும். அந்தத் தண்டுக்கு இடம் விடுவதற்காகக் காரின் தரை நடுவில் மேடாக இருக்கும். பின்னிருக்கையின் நடுவில் உட்கார்ந்தவர் காலை எங்கே வைப்பது என்று தவிப்பது அதனால்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டு பென்சில்களை எடுங்கள். ஒன்று இஞ்சினின் சுழல்தண்டு, மற்றொன்று சக்கரத்தின் அச்சு. பழைய ஏற்பாட்டில் முதல் பென்சில் காரின் நீளவாக்கில், இரண்டாவது குறுக்கே. ஆகவே சுழற்சியை 90 பாகை திருப்புவதற்கென்றே பின்னால் கூம்பு வடிவப் பல்சக்கரங்கள் வேண்டும். அதில் ஆற்றல் கொஞ்சம் வெப்பமாகப் போகும், எடையும் கூடும்.

1956இல் சூயஸ் கால்வாய் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் தலைவர் லெனர்டு லார்டு, எண்ணெய் குறைவாகக் குடிக்கும் சிறிய கார் ஒன்றை விரைவாகச் செய்யச் சொன்னார். கையில் இருக்கும் இஞ்சினையே பயன்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை. வேலையை ஏற்றவர் அலெக் இசிகோனிஸ். இவர் கல்லூரியில் கணிதத் தேர்வில் மூன்று முறை தோற்றவர். இதை வீட்டில் சாக்காகச் சொல்லிவிடாதீர்கள். அவர் கைவரைபடத்தில் அசகாயசூரர்.

வழக்கமாகச் சிறிய கார் என்றால் பெரிய காரை எல்லாப் பக்கமும் சுருக்குவார்கள். மனிதன் மட்டும் சுருங்க மாட்டானே! இசிகோனிஸ் மறுமுனையிலிருந்து தொடங்கினார். நான்கு பேர் உட்கார எவ்வளவு இடம் வேண்டும்? அதை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சமிருக்கும் இடத்தில் இயந்திரத்தை எப்படித் திணிப்பது என்று யோசித்தார். மொத்த நீளம் 10 அடி, அதாவது சுமார் 3.05 மீட்டர்.

இஞ்சினை அவர் குறுக்கே போட்டார். இப்போது இரண்டு பென்சில்களும் இணையாகிவிட்டன. 90 பாகை திருப்பம் தேவையில்லை. முன்சக்கரங்களையே சுற்றவைத்ததால் நீண்ட தண்டும் இல்லை, தரையில் மேடும் இல்லை. கியர்பாக்ஸுக்கு இடம்? இஞ்சினுக்கு அடியில், எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார். சக்கரங்களின் விட்டத்தையும் 10 அங்குலமாகக் குறைத்தார். பெரிய சக்கரம் என்றால் அதற்கான வளைவு பயணிகளின் இடத்துக்குள் புகுந்துவிடும். 1959 ஆகஸ்ட் மாதம் 'மினி' வெளிவந்தபோது, காரின் தரைப்பரப்பில் சுமார் 80 விழுக்காடு பயணிகளுக்கும் பெட்டிகளுக்கும் கிடைத்தது.

குறுக்கு இஞ்சின் அவர் கண்டுபிடிப்பு அல்ல. ஜெர்மனியின் டிகேடபிள்யூ, சுவீடனின் சாப் ஆகியவை இரண்டு சிலிண்டர் இஞ்சினை முன்பே குறுக்கே வைத்திருந்தன. நான்கு சிலிண்டர் இஞ்சினை அவ்வளவு சிறிய காரில் அடக்கியதுதான் மினியின் சாதனை.

முன்சக்கரத்தைச் சுற்றவைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அதே சக்கரம் இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். சாதாரண மடங்கு மூட்டை வளைத்து வைத்துச் சுற்றினால், ஒவ்வொரு சுற்றிலும் மறுமுனை இரண்டு முறை வேகமாகி இரண்டு முறை மெதுவாகும். ஸ்டீயரிங் கையில் அதிரும். இதற்கு, எஃகுக் குண்டுகள் உருளும் சமவேக மூட்டு பயன்பட்டது. நம் ஊர்க் கார்களில் இன்றும் அந்த வகை மூட்டுதான். திரும்பும்போது முன்சக்கரப் பக்கம் 'டக் டக்' என்று சத்தம் கேட்டால், பட்டறைக்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

புதிய ஏற்பாடு புதிய தொல்லைகளையும் கொண்டு வந்தது. தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிட்டு அனுப்பும் பகுதி, முன்பக்கக் கம்பித் தடுப்புக்கு நேர் பின்னால் வந்துவிட்டது. மழையில் தண்ணீர் உள்ளே தெறித்தால் கார் நின்றுவிடும். மழைக்குப் பெயர் போன இங்கிலாந்தில்! எண்ணெயை இஞ்சினும் கியர்பாக்ஸும் பங்குபோட்டுக்கொண்டதும் நல்ல ஏற்பாடு என்று நான் நினைக்கவில்லை. பல்சக்கரங்கள் எண்ணெயை நசுக்கி அதன் தன்மையைக் கெடுத்துவிடும். இத்தாலியின் ஃபியட் நிறுவனத்தில் தாந்தே ஜாக்கோசா 1960களில் இதைச் சரிசெய்தார். குறுக்கு இஞ்சினின் பக்கவாட்டில், அதே வரிசையில் கியர்பாக்ஸை வைத்தார். கஞ்சில், மைவி போன்ற நம் கார்களில் இருப்பது ஜாக்கோசாவின் இந்த ஏற்பாடுதான். வீட்டுக் காரின் முன்மூடியைத் திறந்து பாருங்கள். ரப்பர் பட்டைகள் ஓடும் பக்கம் சக்கரத்தை நோக்கி இருந்தால், இஞ்சின் குறுக்கே கிடக்கிறது என்று பொருள்.

மூடியே தளமாக

இப்போது கடிகாரத்துக்கு வருவோம். 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் செய்கோ நிறுவனம் 'ஆஸ்ட்ரான்' என்ற குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. விலை 450,000 யென். அன்று ஒரு சிறிய கார் வாங்கலாம்.

குவார்ட்ஸ் படிகத்துக்கு மின்னழுத்தம் கொடுத்தால் அது அதிரும். இன்றைய கடிகாரங்களில் அந்தப் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும்படி வெட்டப்படுகிறது. ஏன் இந்த விசித்திர எண்? கணிப்பானில் 2ஐ 15 முறை பெருக்கிப் பாருங்கள். மின்சுற்று அந்த எண்ணைப் பாதி, அதில் பாதி என்று 15 முறை குறைத்தால் நொடிக்கு ஒரே துடிப்பு கிடைக்கும். அந்தத் துடிப்பு ஒரு குட்டி மோட்டாரை ஒரு படி நகர்த்துகிறது. சாதாரண இயந்திரக் கடிகாரம் ஒரே நாளில் பல நொடிகள் தவறும். ஆஸ்ட்ரான் ஒரு மாதத்தில் 5 நொடி தவறியது.

சில ஆண்டுகளில் விலை சரிந்தது. சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழிலில் 1970இல் சுமார் 90,000 பேர் வேலை செய்தார்கள். 1980களின் நடுவில் பாதிப்பேர்கூட மிஞ்சவில்லை. சுவிஸ் நாட்டவர்களுக்குக் குவார்ட்ஸ் தெரியாமல் இல்லை. நியூஷாடெல் ஆய்வுக்கூடத்தில் 1967இலேயே குவார்ட்ஸ் கைக்கடிகார மாதிரியைச் செய்து வைத்திருந்தார்கள். நல்ல கடிகாரம் என்றால் சுருள்வில்லும் பல்சக்கரமும்தான் என்ற எண்ணத்திலிருந்து தொழில் விடுபடத் தாமதமாயிற்று.

இங்கேதான் இன்னொரு பழைய முடிவு உடைந்தது. அதுவரை கைக்கடிகாரம் இரண்டு கட்டமாகச் செய்யப்பட்டது. ஓர் உலோகத் தகட்டின் மேல் எல்லா உறுப்புகளையும் பூட்டுவார்கள். பிறகு அதை ஒரு கூட்டுக்குள் வைத்துப் பின்பக்கம் மூடி போடுவார்கள். ஆக, அடியில் தகடு ஒன்று, அதற்குக் கீழே மூடி ஒன்று. உலகிலேயே மெல்லிய கடிகாரம் செய்யும் போட்டியில், சுவிஸ் பொறியாளர்கள் இரண்டும் எதற்கு என்று கேட்டார்கள். 1979இல் வந்த 'டெலிரியம்' கடிகாரத்தில் பின்மூடியே தளத்தகடு. தடிமன் 1.98 மில்லிமீட்டர்தான். ஆனால் அது பணக்காரர்கள் வாங்கும் தங்கக் கடிகாரம்.

ஈட்டா நிறுவனத்தில் எல்மார் மோக், ஜாக் முல்லர் என்ற இரண்டு இளம் பொறியாளர்கள் அதே எண்ணத்தை மலிவான பிளாஸ்டிக்குக்குக் கொண்டு வந்தார்கள். வார்ப்பில் எடுத்த பிளாஸ்டிக் கூடு, அதுவே தளம். எல்லா உறுப்புகளையும் மேலிருந்து ஒரே திசையில் இறக்கலாம் என்பதால் அந்த வேலையை இயந்திரமே செய்யும். கடைசியில் மேல்கண்ணாடியை மீயொலி அதிர்வால் உருக்கி ஒட்டிவிடுவார்கள். சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரத்தில் 90க்கும் மேற்பட்ட உறுப்புகள், இதில் 51. 1983 மார்ச் முதல் நாள் சூரிக்கில் அறிமுகமான இதன் பெயர் 'ஸ்வாட்ச்'. சுவிஸ் தொழில் தலைநிமிர்ந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் விலையாகக் கொடுத்தது என்ன? மின்கலத்தை மாற்றலாம். உள்ளே வேறு எது கெட்டாலும் திறக்க முடியாது, தூக்கித்தான் போட வேண்டும். 'கடிகாரம் பழுதுபார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும்' என்பதும் ஒரு பழைய முடிவுதான். அதையும் சேர்த்தே கைவிட்டார்கள். என் பார்வையில் அது இஞ்சினைத் திருப்பிப் போட்டதைப் போன்றதல்ல. நீள இஞ்சினுக்கான காரணம் போய்விட்டது. பழுதுபார்க்க வேண்டியதற்கான காரணம் போகவில்லை. இன்று மூட்டை மூட்டையாகச் சேரும் மின்கழிவுகளைப் பார்த்தாலே தெரியும்.

கடிகாரக்காரர் கேட்ட கார்

ஸ்வாட்ச் நிறுவனத்தை வழிநடத்திய நிக்கோலாஸ் ஹாயேக், அடுத்துக் கார் பக்கம் திரும்பினார். நகரத்தில் ஓரிருவர் போவதற்கு எதற்கு நான்கு மீட்டர் கார் என்பது அவர் கேள்வி. மெர்சிடிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கி, 1998இல் விற்பனைக்கு வந்ததுதான் 'ஸ்மார்ட்'. இரண்டு இருக்கை, நீளம் 2.5 மீட்டர். இஞ்சின் பின்னால் போனதால் முன்மூக்கே இல்லை என்று சொல்லலாம். கலப்பின மின்சாரக் கார் வேண்டும் என்ற ஹாயேக்கின் ஆசை நிறைவேறவில்லை. அதே ஆண்டில் அவர் விலகிவிட்டார்.

இஞ்சினே முன்னால் இல்லாவிட்டால் காருக்கு மூக்கு எதற்கு? இதை என் மாணவர்கள் மின்சாரக் கார்களைப் பார்த்து அடிக்கடி கேட்கிறார்கள். ஒரு கணக்குப் போடுவோம். கார் மணிக்கு 50 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 13.9 மீட்டர் வேகத்தில் சுவரில் மோதுகிறது. முன்பகுதி நசுங்கி, கார் 0.5 மீட்டர் தூரத்தில் நின்றால், வேகத்தின் வர்க்கத்தை நிற்கும் தூரத்தின் இருமடங்கால் வகுக்க வேண்டும். விடை சுமார் 193. புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 20 மடங்கு. வார் அணிந்த உடல் இதைத் தாங்கலாம். மூக்கு நசுங்காமல் 5 சென்டிமீட்டரில் நின்றால் 200 மடங்கு. அதில் பிழைப்பது அரிது.

நசுங்கும் பகுதி என்ற இந்த எண்ணத்துக்கு மெர்சிடிஸ் பொறியாளர் பேலா பரேன்யி 1950களில் காப்புரிமை பெற்றார். அதுவரை உறுதியான கார்தான் பாதுகாப்பான கார் என்று நம்பினார்கள். பயணிகள் இருக்கும் பகுதி மட்டும் உறுதியாக இருக்கட்டும், முன்னும் பின்னும் நசுங்கட்டும் என்றார் அவர். இஞ்சினை மூடத் தொடங்கிய மூக்கு, இன்று வேறொரு வேலை பார்க்கிறது. மூக்கு குட்டையான ஸ்மார்ட், அதற்கு ஈடாக மிக உறுதியான எஃகுக் கூண்டை வைத்துக்கொண்டது.

டெஸ்லாவின் மாடல் எஸ் 2012இல் வந்தபோது, முகத்தில் கறுப்பாக ஒரு போலிக் காற்றுத்தடுப்பு இருந்தது. பெட்ரோல் காரைப் போலத் தெரிய வேண்டும் என்பதைத் தவிர அதற்குப் பெரிய வேலை இல்லை. 2016இல் அதை எடுத்துவிட்டார்கள். இஞ்சின் இல்லாத மூக்கு மட்டும் அப்படியே நீளமாக இருக்கிறது, உள்ளே பெட்டி வைத்துக்கொள்ள இடத்தோடு.