'டிப்ரெஷன்' என்னும் சொல்

'டிப்ரெஷன்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தாழ்வு என்பது பொருள். மனச்சோர்வையும், 1929-இல் தொடங்கித் தானிய விலையை வீழ்த்திய உலக வியாபார மந்தத்தையும் அச்சொல் குறிக்கும். வானிலை அறிக்கையிலோ, கடலின்மேல் ஓரிடத்தில் காற்றின் அழுத்தம் குறைய, அதைச் சுற்றிக் காற்று சுழன்று வீசும் நிலைக்கு அது பெயர். தமிழறிக்கைகளில் இது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் எனப்படும். இந்திய வானிலை இலாகாவின் கணக்குப்படி இதன் காற்று மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வேகமுடையது. 50 முதல் 61 வரையாயின் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐ எட்டினால் புயல்.

'தாழ்வுதானே, புயலன்றே' என்று அங்கத்தினர்கள் அசட்டையாயிருத்தல் தகாது. தாழ்ந்திருப்பது அழுத்தமேயன்றி அபாயமன்று. காற்று மிதமாயினும் பெருமழை பெய்யக்கூடும். ஆதலின் அறிவிப்பைக் கேட்டவுடன் களத்து நெல்லைக் கிடங்கிற் சேர்த்து, வயல்களின் வடிகால்களைச் செப்பனிட்டு, உரமிடுதலை நிறுத்திவைப்பது நலம்.