கருப்பை நாடிக்கு அடியால்

“உம்மாவுக்குக் கர்ப்பப்பையில கட்டி. ‘லேசர்’ ஒப்பரேஷன் செய்தா ஆபத்துக் குறைவுதானே?” என்று கல்முனையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

அவர் லேசர் என்று சொல்வது லப்பரஸ்கோப்பி; சிறு துளைகளால் கமெராவும் கருவிகளும் விட்டுச் செய்வது. வலி குறைவு, வீட்டுக்கும் வெள்ளென வரலாம். ஆனால் தோலில் விழும் காயத்தை வைத்து ஆபத்தை அளக்க முடியாது.

கருப்பையை எடுக்கும்போது ஆபத்து இருப்பது உள்ளே, கருப்பைக் கழுத்திலிருந்து ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் தள்ளி. அங்கே கருப்பை நாடிக்கு அடியால் சிறுநீர்க்கான் போகிறது, மருதமுனைத் தறியில் பாவு இழைக்கு அடியால் ஊடை இழை போவதுபோல. மேல் இழையை அறுக்க வேண்டும், கீழ் இழையைத் தொடக்கூடாது. தறியில் பாவைத் தூக்கினால் இடைவெளி பிறக்கும். இங்கும் கருப்பையை மேலே தள்ளினால் நாடி கானைவிட்டு விலகும். இந்த ஊடைக்கு உயிரும் உண்டு! தொட்டால் புழுப்போல நெளியும். சிறுநீரைத் தள்ளும் தசையசைவு அது. அந்த நெளிவைக் கண்டுதான் வைத்தியர் கானை அடையாளம் பிடிக்கிறார்.

வயிற்றைத் திறந்து செய்யும்போது நாடியை நூலால் கட்டுவார்கள். லப்பரஸ்கோப்பியில் பெரும்பாலும் மின்சூட்டால் பொசுக்கி அடைப்பார்கள். சூடு பக்கத்துக்கும் பரவும். கான் வெட்டுப்படாமலே வெந்துபோகலாம். 2004இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல்’ வெளியிட்ட ஆய்வில் பெரிய சிக்கல்கள் லப்பரஸ்கோப்பியில் 11.1 சதவீதம், வயிற்றைத் திறந்ததில் 6.2 சதவீதம். பழகிய கைகளில் இந்த இடைவெளி சுருங்கும். ஆகவே உம்மாவின் வைத்தியர் எந்த முறையை அதிகம் செய்திருக்கிறார் என்பதை முதலில் கேளுங்கள்.

விளம்பரங்கள் பேசாத மூன்றாவது வழி, கருப்பையைப் பிறப்புறுப்பு வழியாகவே எடுப்பது. 1813இல் ஜெர்மனியின் வைத்தியர் லாங்கன்பெக் செய்தது. லப்பரஸ்கோப்பியால் கருப்பையை எடுப்பது 1988இல்தான் வந்தது. 47 ஆய்வுகளில் 5,102 பெண்களின் விபரங்களைத் திரட்டிய 2015ஆம் ஆண்டுக் கொக்ரேன் மீளாய்வு, இயலுமான இடத்தில் பிறப்புறுப்பு வழியையே முதலில் வைக்கிறது. ரோபோவின் உதவியோடு செய்வது லப்பரஸ்கோப்பியைவிட மேல் என்பதற்கு அதில் ஆதாரமில்லை. பெரிய இயந்திரம் கேட்காத முறைக்கு யார் விளம்பரம் போடுவார்? கருப்பை கீழிறங்காத பெண்களுக்கும் பிறப்புறுப்பு வழியாகச் செய்யலாம். மன்னார், றாகம அரச வைத்தியசாலைகளில் இதை மற்ற இரு முறைகளோடு ஒப்பிட்டு ஆய்வே நடந்திருக்கிறது.

கட்டி மிகப் பெரிதென்றாலோ புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தாலோ கணக்கு மாறும். வயிற்றைத் திறப்பதே நல்லதாகலாம்.

எந்த வழியில் செய்தாலும், சூடுபட்ட கான் உடனே காட்டிக்கொடுக்காது. வீட்டுக்கு வந்து பல நாள் கழித்து விலாவில் வலியோ காய்ச்சலோ வந்தால், அல்லது தன்னையறியாமல் நீர் கசிந்தால், வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம் என்று உம்மாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போக வேண்டும்.